வாடகையை இழுத்தடிக்கும் குடித்தனக்காரரைக் காலி செய்ய வைக்க முடியுமா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். திருச்சி மாநகராட்சிக்குள் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கணவர் காலமான பிறகு கீழ்வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மாடியை ஒரு குடும்பத்துக்கு விட்டு நாலு வருடம் ஆகிறது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 75,000. அந்தந்த மாத வாடகையை 5-ம் தேதிக்குள் தர வேண்டும் என்று பேச்சு. ஆரம்பத்தில் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். பிறகு புதுப்பிக்கவில்லை, எங்கும் பதிவு செய்யவுமில்லை.

முதல் இரண்டு வருடம் குறையில்லாமல் போனது. இப்போது மாதாமாதம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஜூன் வாடகை 22-ம் தேதி வந்தது. ஜூலையில் 10,000 தான் தந்தார். ஆகஸ்டில் ஒன்றுமே இல்லை. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா" என்று வாட்ஸ்அப்பில் போட்டார், நானும் "சரிப்பா" என்று பதில் போட்டுவிட்டேன். செப்டம்பரில் 20,000, அக்டோபரில் 8,000, நவம்பரில் 10,000 வந்தது. என் மருந்துச் செலவும் வீட்டு வரியும் இந்த வாடகையில்தான் ஓடுகிறது. வெளியூரில் இருக்கும் என் மகன், "தண்ணி மோட்டாரை நிறுத்து, தானா காலி பண்ணிட்டுப் போவாங்க" என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. வாடகை ஒழுங்காக வராத காரணத்துக்காகச் சட்டப்படி அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வணக்கம் அம்மா. தேதியும் தொகையும் சேர்த்து எழுதியிருப்பதால் உங்களுக்கு நேரடியாகவே பதில் சொல்ல முடிகிறது. வாடகை தாமதமாக வருகிறது என்பதை மட்டும் காட்டி இன்றைய நிலையில் நீங்கள் வழக்குப் போட்டால், அது நிற்பது கடினம். அதற்காக உங்களுக்கு வழியே இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் கேட்டிருக்கும் காரணத்தைவிட வலுவான இன்னொரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

அதற்கு முன் மோட்டார் விஷயம். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். உங்களுக்கு மனசு வராதது நல்லதாகப் போயிற்று. வாடகை எத்தனை மாதம் நின்றிருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று இப்போதைய வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவு தடுக்கிறது. நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுப்பார், உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து பணம் தராதவர் அவர் என்ற கதை மாறி, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தியவர் நீங்கள் என்ற கதையாகிவிடும். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது அதைவிட ஆபத்து. சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அவரை மறுபடி உள்ளே விடும்படி உத்தரவு வாங்க முடியும். 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. அவசரப்பட்டுப் பூட்டை மாற்றிய உரிமையாளர், பாக்கியும் வராமல், தானே எதிர்வாதியாகி அலைவதை நீதிமன்ற வாசலில் அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் மகனிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இனி சட்டம். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ம் ஆண்டின் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர், வாடகைதாரர் இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயர் அதற்கு. நகர்ப்புறங்களுக்குப் பொருந்தும். உங்கள் வீடு மாநகராட்சிக்குள் இருக்கிறது, வாடகைக்கு விட்டதும் நாலு வருடத்துக்கு முன்புதான் என்பதால் உங்களுக்கு இந்தச் சட்டம்தான்.

பழைய சட்டத்தில் 'வேண்டுமென்றே வாடகை தராமல் இருத்தல்' என்பதை நிரூபிக்க வேண்டும். தராதது உண்மைதான், ஆனால் அது வேண்டுமென்றா, சூழ்நிலையாலா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடக்கும். 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்கு விரிவாக விளக்கம் சொல்ல வேண்டி வந்ததென்றால் குழப்பம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள். அந்தக் காலத்து வழக்குகளைக் கேள்விப்பட்டவர்கள் இன்னும், "மாசாமாசம் லேட்டா தர்றதே போதும், காலி பண்ண வெச்சிடலாம்" என்று சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். புதிய சட்டம் மனநிலையைத் தேடுவதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கிறது.

அந்தக் கணக்கு இதுதான். இரண்டு மாத வாடகை பாக்கி நிற்க வேண்டும். அதைக் கேட்டு நீங்கள் முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் அவர் கட்டாமல் இருக்க வேண்டும். 21-வது பிரிவு வாடகை பாக்கிக்காக வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு வைத்திருக்கும் வாசல் இவ்வளவுதான். ஒருவர் எல்லா மாதமும் 25-ம் தேதிதான் தருகிறார், ஆனால் முழுதாகத் தந்துவிடுகிறார் என்றால் இந்த வாசல் திறக்காது. அது உங்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் சரி. இது உரிமையாளருக்கு அநியாயம் இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. வாடகையை நம்பி மருந்து வாங்குகிற உங்களைப் போன்றவர்களை நினைக்கும்போது அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் சம்பளம் பத்து நாள் தள்ளி வந்ததற்காக ஒரு குடும்பம் வீட்டை இழக்கக் கூடாது என்பதும் நியாயம்தான். சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறது.

உங்கள் கணக்கை அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கலாம். ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்துக்கு வர வேண்டியது 84,000 ரூபாய். வந்தது 62,000. பாக்கி 22,000. இரண்டு மாத வாடகை 28,000. ஆக, நீங்கள் படும் அவஸ்தை ஆறு மாதத்து அவஸ்தை என்றாலும் ரூபாய்க் கணக்கில் பாக்கி இன்னும் இரண்டு மாதத்தைத் தொடவில்லை. அக்டோபர் வாடகையில் ஒரு பகுதியும் நவம்பர் முழுவதும் நிற்கிறது, எனவே இரண்டு மாதத்துக்குப் பாக்கி இருக்கிறது என்று உங்கள் தரப்பில் வாதாட இடம் உண்டு. இரண்டு முழு மாத வாடகை நின்றால்தான் பாக்கி என்று அவருடைய வக்கீல் எதிர்வாதம் வைப்பார். வாதாட முடியும் என்பதற்காக ஒரு வழக்கைத் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை. எந்தக் கோணத்தில் கூட்டினாலும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அப்போதுதான் போக வேண்டும்.

அக்டோபரில் ஒரு பகுதி என்று எப்படிச் சொன்னேன்? அவர் தரும் தொகை எந்த மாதத்துக்கு வரவு என்பதற்கு 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 59 முதல் 61 வரை உள்ள பிரிவுகள் விடை சொல்கின்றன. இன்ன மாதத்துக்கு என்று அவர் சொல்லித் தந்தால், வாங்கிக்கொண்ட பிறகு அந்த மாதத்துக்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால் எதற்கு வரவு வைப்பது என்பது உங்கள் விருப்பம். இருவருமே குறிக்காவிட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். ரசீது கொடுக்காமல் விட்டது உங்களுக்கு இடிக்கும் இடம் இது. ஜிபேயில் 8,000 வந்தது பாஸ்புக்கில் இருக்கும். அது எதற்கு வந்தது என்று எதிலும் இருக்காது. இனிமேல் ஒரு ரூபாய் வந்தாலும் ரசீது கொடுங்கள். அதில் "இன்ன தேதியில் பெற்றது, இன்ன மாத வாடகைப் பாக்கியில் வரவு, இன்னும் நிற்பது இவ்வளவு" என்று எழுதி, நகலில் அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். ரசீது தருவது உரிமையாளரின் கடமையும்கூட, அதையும் இந்தச் சட்டம் சொல்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தச் "சரிப்பா"தான். ஆகஸ்ட் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னார், நீங்கள் சம்மதித்தீர்கள் என்று அதை அவர் காட்டினால் ஆகஸ்ட் வாடகை பாக்கியே இல்லை என்று ஆகிவிடும். 22,000 ரூபாய் பாக்கி ஒரே சொல்லில் 8,000 ரூபாயாகச் சுருங்கும். மீதி 14,000 அட்வான்ஸில் குறைந்த கணக்காகப் போய்விடும். வாட்ஸ்அப் செய்தியெல்லாம் கோர்ட்டில் செல்லுமா என்று நினைக்காதீர்கள். 2023-ம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் அது சாட்சியம்தான். அவருக்கும் அது உதவும், உங்களுக்கும் உதவும்.

அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது சேதம், மின்கட்டணம், பாக்கி எல்லாவற்றுக்கும் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி. மாதாமாதம் அதில் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் அவர் போகும் நாளில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதே நேரம் இன்னொன்றையும் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 75,000 ரூபாய் என்பது ஐந்து மாத வாடகைக்கும் மேல். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது புதிய சட்டத்தின் நிலை. அவ்வளவு பெரிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டு 22,000 ரூபாய்க்காகக் குடும்பத்தை வெளியேற்றச் சொல்கிறாரே என்று எதிர்த்தரப்பு கேட்கும். பழைய சட்டத்தின் கீழ், கூடுதல் அட்வான்ஸ் உரிமையாளர் கையில் இருக்கும்போது வாடகைதாரரைத் தவறியவர் என்று சொல்ல முடியாது என்ற வாதம் பல வழக்குகளில் எடுபட்டது. புதிய சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தாலும் அந்த வாதத்தை யாரும் மறந்துவிடவில்லை.

ஆகவே பாக்கியைக் காரணம் காட்டும் வழி உங்களுக்கு இன்னும் கனியவில்லை. டிசம்பர், ஜனவரி வாடகைகளும் நின்றால் நிலைமை வேறு. ஆகஸ்டைச் சேர்க்காமல் கூட்டினாலும் அப்போது பாக்கி 36,000 ரூபாய் ஆகிவிடும், யாரும் மறுக்க முடியாது. அதுவரை கை கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. மேலே சொன்ன இன்னொரு காரணம் இப்போதே உங்களிடம் இருக்கிறது.

உங்கள் 11 மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால் அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். அந்த ஆறு மாதமும் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதாவது இன்றைக்கு உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நடைமுறையில் இருக்கும் எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. பலர் 11 மாதம் என்று போட்டால் பதிவே தேவையில்லை என்று நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தேவையில்லை என்பது சரி. ஆனால் இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி எத்தனை மாதத்துக்கான வாடகை ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர்தான் வாடகை அதிகாரி. இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது, அதிலேயே பதிந்து பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதற்கே அந்தச் சட்டம் தடை வைத்திருக்கிறது. நீங்கள் நாளை பாக்கிக்காக வழக்குப் போட்டாலும் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே சட்டத்தின் 21-வது பிரிவில், வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் முதலாவதாக வருவதே, உரிமையாளரும் வாடகைதாரரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது என்பதுதான். இதை நீங்கள் நேர்மையாகப் பயன்படுத்த வேண்டும். புதிய ஒப்பந்தம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். நோட்டீஸோடு அதை அவருக்கு அனுப்பி, இன்ன தேதிக்குள் வந்து கையெழுத்திட்டுப் பதிவுக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் கையெழுத்திட்டால் நாலு வருடமாக இல்லாத பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்துவிடும், பாக்கி வழியும் அப்போதுதான் முழுதாகத் திறக்கும். அவர் வராமல் போனால், பாக்கி எவ்வளவு என்ற தகராறுக்குள்ளேயே போகாமல், ஒப்பந்தம் செய்ய மறுத்த காரணத்தைக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது இந்தக் காரணத்தில் மனுப் போடலாம் என்பதை சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. வாடகையை திடீரென்று இரண்டு மடங்காக்கி, அவர் மறுக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு ஒப்பந்தத்தை மட்டும் நீட்டாதீர்கள். அக்கம்பக்கத்து வாடகைக்கு ஒத்த, மனசாட்சியுள்ள ஒப்பந்தமாக இருக்கட்டும். நீதிபதி அதைப் படிப்பார்.

ஒப்பந்தத்தில் வாடகை தேதி, அது தவறினால் எத்தனை சதவீதம் வட்டி, பகுதியாகத் தந்தால் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவு, அட்வான்ஸில் கழிப்பது எழுத்துச் சம்மதம் இல்லாமல் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை யார் கட்டுவது, நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரி ஆகியவை இருக்கட்டும். வட்டியை எழுதாமல் விடாதீர்கள். தாமதத்துக்கு நீங்கள் கேட்க விரும்பும் தண்டனை உண்மையில் அங்கேதான் இருக்கிறது. வெளியேற்றும் அளவுக்குப் போகாத தாமதத்துக்கு வட்டிதான் சரியான மருந்து.

நோட்டீஸ் என்றால் போனில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் போட்டதும் இல்லை. பாக்கிக்கான நோட்டீஸைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவு சொல்லும் முறையில்தான் கொடுக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், நீங்களோ உங்களுக்காக வக்கீலோ கையெழுத்திட வேண்டும், தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ கொடுக்கலாம், அதெல்லாம் முடியாதபோது வீட்டின் எடுப்பான இடத்தில் ஒட்டலாம். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பி, மாடிக்குப் போய் நேரில் ஒரு நகலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது நல்லது. வாங்க மறுத்துத் திரும்பி வந்த தபால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவே சாட்சி. நோட்டீஸில் மாதவாரியாக வர வேண்டியது, வந்தது, நிற்பது என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகையை, அதுவும் தவறாகக் கூட்டி, போட்டு அனுப்பிய நோட்டீஸால் நல்ல வழக்குகள் தடுமாறியிருக்கின்றன.

நோட்டீஸ் கிடைத்ததும் ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பாக்கியையும் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு வராது. அப்படிக் கட்டிவிட்டால் நோட்டீஸ் செலவு வீண்தானே என்று கேட்பீர்கள். வீண் இல்லை. இந்தச் சலுகை ஒருமுறைதான். ஒருமுறை அப்படித் தப்பிய பிறகு எந்த ஒரு வருடத்திலாவது தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை தராமல் இருந்தால் அதே சலுகையை மறுபடி கேட்க முடியாது. வாடகையை இழுத்தடிப்பதையே பழக்கமாக வைத்திருப்பவரைச் சட்டம் பிடிக்கும் இடம் இதுதான். ஆனால் முதல் நோட்டீஸை எழுத்தில் கொடுத்து வைத்திருக்கும் உரிமையாளருக்குத்தான் அது கைகொடுக்கும்.

நோட்டீஸ் கொடுத்த பிறகு அவர் பணம் கொண்டு வந்தால் வாங்க மறுக்காதீர்கள். பாக்கி ஏறட்டும் என்று திருப்பி அனுப்பும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் அவர் செலுத்த வழி இருக்கிறது. செலுத்திவிட்டால் அவர் ஒழுங்கானவர், நீங்கள் தகராறு செய்பவர் என்று பதிவாகும். வாங்குங்கள், ரசீது கொடுங்கள், ரசீதில் "நோட்டீஸில் கூறிய உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றது" என்று ஒரு வரி எழுதுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு உங்களிடம் ஒன்று கேட்கிறேன் அம்மா. உங்களுக்கு வேண்டியது வாடகையா, வீடா? கடிதத்தைப் படித்தால் ஒழுங்காகப் பணம் வந்தால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் இரண்டு வருடம் குறையில்லாமல் தந்தவர் திடீரென்று ஏன் இப்படி ஆனார் என்று நீங்கள் எழுதவில்லை. வேலை போனதா, சம்பள நாள் மாறியதா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? அவர் தந்திருக்கும் தொகைகளைப் பார்த்தால், கையில் பணம் வைத்துக்கொண்டு ஏமாற்றுபவரின் கணக்காக எனக்குத் தெரியவில்லை. முடிந்தபோது முடிந்ததைத் தருபவரின் கணக்காக இருக்கிறது. சம்பளம் 18-ம் தேதி வரும் ஒருவரிடம் 5-ம் தேதியைக் கேட்டால் பாதி மாதம் இருவருக்கும் சண்டைதான். தேதியை 20 என்று மாற்றி, பழைய 22,000-ஐ மாதம் இரண்டாயிரமாகப் பதினொரு மாதத்தில் கட்டச் சொல்லி, அதையும் புதிய ஒப்பந்தத்திலேயே எழுதி, ஆகஸ்ட் வாடகை அட்வான்ஸில் கழிக்கப்படவில்லை என்று அவர் கையெழுத்தோடு ஒரு வரி வாங்கினால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்த "சரிப்பா"வால் வந்த ஆபத்தும் அதோடு போய்விடும். நோட்டீஸுக்கு முன் ஒருமுறை அவர்கள் இருவரையும், கணவனையும் மனைவியையும் சேர்த்து, உட்காரவைத்துப் பேசுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். மகனைக் கூப்பிட வேண்டாம், அவர் கோபத்தில் இருக்கிறார்.

14,000 அவர்களால் இனி முடியாது என்று அந்தப் பேச்சில் தெரிந்தால் அப்போது வீட்டைக் கேளுங்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதால் முழுப் பரீட்சை முடிந்து மே மாதத்தில் காலி செய்வதாகக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். டிசம்பரில் போ என்றால் எங்கும் போக முடியாமல் முரண்டு பிடிப்பார்கள். ஐந்து மாதம் நீளமாகத் தெரியலாம். ஆனால் வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி, அவர் 30 நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்து, அதன் பிறகு உத்தரவை நிறைவேற்றக் கேட்கும் மனுவும் அதை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனாவும் என்று போகும் காலத்தோடு ஒப்பிட்டால் அது குறைவு. அந்தச் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். காலி செய்யும் தேதி, அதுவரை மாத வாடகை, சாவி தரும் நாளில் பாக்கியும் மின்கட்டணமும் கழித்து மீதி அட்வான்ஸ் கையில் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அட்வான்ஸை முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள், சாவி வந்த பிறகு ஒரு நாள்கூடப் பிடித்தும் வைக்காதீர்கள். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர்கள் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார்கள். ஒப்புக்கொண்ட தேதியில் காலி செய்யாவிட்டால், அதற்குப் பிறகு இருக்கும் காலத்துக்கு இருமடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்க இந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எதுவும் சரிவராமல் நீதிமன்றம்தான் என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் வீட்டுக்கு வாடகை நீதிமன்றம்தான். கிராம ஊராட்சியில் வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் சொத்து மாற்றுச் சட்டப்படி மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும் என்று இல்லாத காரணத்தை யாராவது எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் உங்களிடம் மாடி எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

வீடு காலியாகி அவர்கள் போய்விட்டாலும் பாக்கிப் பணத்தின் மீது உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு மாத வாடகையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்காகவாவது பழைய ஒப்பந்தத்தையும், வாடகை வந்த வங்கிக் கணக்கின் நாலு வருட அறிக்கையையும், வாட்ஸ்அப் உரையாடலையும் எதையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். கைபேசியை மாற்றுவதாக இருந்தால் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்.